பூச்சுக்காரன் கணக்கு

ஏப்ரலில் நான் அடைத்தவை முப்பத்தோரு துளைகள்.
எண்ணினேன். துளைக்கு இவ்வளவு என்றுதான் கூலி.

வூச் நகரம். போலிஷில் படகு என்று பொருள்.
படகு என்று பேர் வைத்துக்கொண்டு
ஆறுகளைக் குழாயில் போட்டுப் புதைத்த ஊர்.
பக்கத்து வீட்டை இடித்தபின் தனியே நின்றுபோன சுவர்,
ஐந்து மாடி உயரம், ஒரு ஜன்னல் கிடையாது,
நிலக்கரி அடுப்புகள் எழுதிவிட்டுப் போன கருப்பு.

மாநகராட்சி கேட்டது ஒரு காடு.
தெருவில் மரம் வைக்க இடமில்லை, சுவரிலாவது இருக்கட்டும்:
கடிதத்தில் ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது.

ஹால்ஷ்கா காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள்.
பிர்ச் மரங்கள், அடியில் பெரணி,
மேல் மூலையில் பறவைகள், அரிவாள் அரிவாளாய்.
"சுவர் வழவழவென்று வேண்டும், போகுமில்."

செங்கல் இடுக்குகளில் கை விட்டேன்.
வைக்கோல், இறகு,
எச்சிலால் ஒட்டிக் காயவைத்த கிண்ணம் மாதிரி ஏதோ.
இழுத்துப் போட்டேன். சீட்டில் குப்பை என்று எழுதினேன்.
கலவை. கரண்டி. ஈரத் துணி.
அடுத்தது.

பச்சையில் மட்டும் பதினான்கு டப்பா.
காடு கீழிருந்து ஏறியது, வாரத்துக்கு ஒரு மாடி.
ரொட்டிக்கடைக்காரி அண்ணாந்து பார்த்து
"என்ன குளுமை!" என்றாள்.
அன்று வெயில் எட்டு டிகிரி.

மே ஆறு, காலை.
முதலில் சத்தம்.
கண்ணாடியில் ஆணி இழுப்பதுபோல்
யாரோ வானத்தைக் கீறிக்கொண்டு வந்தார்கள்.
உழவாரன்கள்.
ஆப்பிரிக்காவிலிருந்து
கால் எங்கும் படாமல் வந்தவை.
நேராக வந்தன. வேகம் குறைக்கவில்லை.
தன் வீட்டு வாசலில் யார் தயங்குவார்கள்?

முதல் பறவை பிர்ச் மரத்தில் மோதியது.
காயாத இடம். நெஞ்சில் பச்சையோடு விலகி
ஒரு சுற்றுச் சுற்றி
அதே இடத்துக்கு வந்தது.
அதே இடத்துக்கு.
பிறகு இன்னொன்று.

தூக்கியின் கூடையில் நாங்கள் இரண்டு பேர்,
எங்களைச் சுற்றி அவள் வரைந்த பறவைகள்,
அவற்றுக்கு நடுவே உயிருள்ளவை
நகத்தால் தொற்றி, வழுக்கி, தொற்றி.
வரைந்தவை நன்றாகப் பறந்தன.

"எத்தனை?" என்றாள்.
முப்பத்தொன்று.
"எங்கெங்கே என்று தெரியுமா?"
தெரியும்.
கூலிச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டு வைத்திருந்தேன்,
ஒன்றுகூட விட்டுப்போய்க் காசு குறைந்துவிடக் கூடாதே என்று.

நான் உளியை எடுத்தேன். அவள் சுத்தியலைக் கேட்டாள்.
பெரணியில் நான்கு.
கிளை பிரியும் இடங்களில் ஒன்பது.
வரைந்த பறவை ஒன்றின் கழுத்தில் ஒன்று;
அதைத் தட்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
மாலைக்குள் இருபத்தாறு.
மீதி ஐந்தை
சுண்ணாம்பு தீர்ந்துபோன நாளில் சிமெண்ட்டில் அடைத்திருந்தேன்.
நல்ல வேலை. என் வேலையிலேயே நல்ல வேலை.
உளிதான் உடைந்தது.

திறப்பு விழாவில் துணை மேயர்
நாடாவை வெட்டிவிட்டுக் காட்டைப் பார்த்தார்.
துளைகளைப் பார்த்தார்.
"இது ஒரு பாணியா?"
ஆமாம் என்றாள் ஹால்ஷ்கா.
அவர் தலைக்கு மேலே
ஒரு வால் பெரணிக்குள் போய் மறைந்தது,
கைதட்டலில் யாரும் கவனிக்கவில்லை.

அடைத்ததற்குக் கூலி வாங்கியாயிற்று.
திறந்ததை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
எனக்கும் தெரியவில்லை, கணக்கருக்கும் தெரியவில்லை.

இப்போது எந்தச் சுவரிலும் கரண்டி வைக்குமுன்
காதை வைக்கிறேன்.
உடன் வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

சீட்டு இன்னும் பையில் இருக்கிறது.
அதில் பதினெட்டாம் எண், நான்காம் மாடி, இடது ஓரம்.
அந்த இடத்துக்கு ஒரு ஜோடி
ஜூலை முடியும்வரை தினமும் வந்து
சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.